வீடு கிடைத்ததற்காக

என் மகனுக்கு,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் நான்கு முறை உன்னைக் கூப்பிட்டேன். நான்கு முறையும் நீ "சொல்லுங்கப்பா" என்றவுடன் எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. "அங்க மழை உண்டா? சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான்காவது முறை நீயே சிரித்துவிட்டாய், "என்னப்பா, மழையப் பத்தி இவ்வளவு கவல?" என்று. சென்னையில் மழை பெய்தால் எனக்கென்ன, பெய்யாவிட்டால் எனக்கென்ன. சொல்ல வந்தது வேறு. முப்பத்திரண்டு வருடம் சமூக அறிவியல் வாத்தியாராக இருந்து, பிள்ளைகளைப் பார்த்து "வாயைத் திறந்து பதில் சொல்லு" என்று அதட்டிய ஆள், சொந்த மகனிடம் பேச முடியாமல் பேனாவை எடுத்திருக்கிறேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள். பாதியில் கோபம் வந்தால் மூடி வைத்துவிட்டு அப்புறம் படி. கோபப்பட உனக்கு எல்லா உரிமையும் உண்டு.

போன வியாழக்கிழமை மருமகள் பெனிட்டா உன் அம்மாவிடம் பேசும்போது, திண்டுக்கல்லில் ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், வருகிற ஒன்றாம் தேதி அதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அந்த மாதக் கடைசியில் சென்னையைக் காலி செய்யப் போவதாகவும் சொன்னாளாம். அம்மா போனை வைத்துவிட்டு அடுக்களையிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள். "எனக்க மகன் திண்டுக்கல்லுக்குப் போறானாம்" என்றாள். "நல்லதுதானே, வாடகை குறையும்" என்றேன். அவள் அங்கிருந்து நகரவில்லை. நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு திண்டுக்கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பூட்டு, பிரியாணி, சிறுமலை வாழைப்பழம், மலைக்கோட்டை. வகுப்பில் சொல்லிக் கொடுப்பதைப் போலவே சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டு. அங்க நமக்கு ஆரு உண்டு?" என்று கேட்டாள். "மருமகளுக்கு மதுரைல்லா, பக்கத்துலதான்" என்று சொல்லிவிட்டு ஒரே செய்தியை மூன்று முறை வாசித்தேன். என்ன செய்தி என்று இப்போது கேட்டால் தெரியாது.

மே மாதம் நீங்கள் மூன்று பேரும் வந்து பத்து நாள் தங்கினீர்களே, அதில் ஒரு புதன்கிழமை நான் பின்பக்கம் சாக்கை விரித்துச் சக்கைப்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். கையில் தேங்காயெண்ணெய் தடவியிருந்தும் பிசின் ஒட்டிக்கொண்டிருந்தது. நீ எதிரே குந்தியிருந்து சுளையைப் பிரித்துக் கிண்ணத்தில் போட்டாய். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமலேயே, "அப்பா, நாங்க இங்கயே வந்துட்டா என்ன?" என்று கேட்டாய். கம்பெனியில் மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள், மீதி வேலையெல்லாம் வீட்டிலிருந்துதான், பாப்பா பிறந்து பெனிட்டா வேலையை விட்ட பிறகு ஒரு சம்பளத்தில் சென்னை வாடகை தாங்கவில்லை, வருடா வருடம் ஏற்றுகிறார்கள், இங்கே மாடி சும்மாதானே கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். நீ பல நாள் யோசித்துவிட்டு வந்து பேசுகிறாய் என்பது எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டு மாடியைக் கேட்பதற்கு நீ வாடகைக்கு வீடு கேட்டு வந்த ஆள் போல அவ்வளவு மரியாதையாகப் பேசினாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது, ஒரு சொல் விடாமல். "இஞ்ச வந்து என்ன செய்யப் போறே மக்கா? பிள்ளைய எங்க படிக்க வைப்பே? சென்னையில உள்ள பள்ளிக்கூடம் இஞ்ச உண்டா? மழை பெய்தா கரண்டு போவும், நெட் போவும், ஒனக்க வேலை என்ன ஆவும்? பெனிட்டா டவுண்ல வளந்த பிள்ளை, இஞ்ச கொசுக்கடியில கெடக்குமா? பின்னே ஒனக்க அம்மைக்கு முட்டுவலி, அவளுக்கு ஆளுகளுக்குச் சோறு வச்சு வெளம்ப முடியுமா?" வரிசையாக அடுக்கினேன். நீ ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாய். முடிந்ததும் "சரிப்பா" என்றாய். அம்மா காப்பி கொண்டுவந்து "என்ன பேச்சு?" என்று கேட்டபோது, "சக்க நல்ல இனிப்பும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாய்.

மகனே, நான் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட உண்மை இல்லை. பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். நீ படித்ததும் அங்கேதான். அதில் படித்த பிள்ளைகள் டாக்டராகவும் கப்பலில் இன்ஜினியராகவும் இருக்கிறார்கள் என்று மேடையேறிப் பேசினவன், என் பேத்திக்கு மட்டும் அந்த ஊரில் படிப்பு இல்லை என்று சொன்னேன். கரண்டு போனால் எதிர்வீட்டு ஞானதாஸ் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, நாமும் ஒன்று வைத்தால் தீர்ந்தது. பெனிட்டா அந்தப் பத்து நாளில் தோட்டத்தை விட்டு உள்ளே வரவே இல்லை. அம்மாவின் முட்டுவலியைச் சொன்னதுதான் பெரிய அநியாயம். நீங்கள் ரயிலேறிப் போன மறுநாள் அவள் அதே முட்டோடு மாடிப்படி ஏறி, நீங்கள் படுத்திருந்த அறையைப் பெருக்கிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன், கீழே வரவில்லை.

உண்மையான காரணத்தைச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை நீ போன் செய்து, "அப்பா, மடிப்பாக்கத்துல வீடு கிடைச்சிட்டு, ரெண்டு பெட்ரூம்" என்று சந்தோஷமாகச் சொன்னாய். அதுவரை ஒற்றை அறையில் புழுங்கிக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. மறுநாள் ஆலயத்தில் ஸ்தோத்திர காணிக்கை கொடுக்கலாம் என்று அம்மா சொன்னாள். நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும். கவரின் மேல் பெயரும் காரணமும் எழுதிப் போட்டால், ஆராதனை முடிகிற நேரத்தில் செயலர் அதை மைக்கில் வாசிப்பார். பேரப்பிள்ளை பிறந்ததற்காக, பரீட்சையில் தேறியதற்காக, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக என்று வாசிக்க வாசிக்க, ஊரில் யாருக்கு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். உண்மையைச் சொன்னால், பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட அந்த நேரம் விழித்துக்கொள்வார்கள். நான் கவரில், "சென்னையில் மகனுக்கு வீடு கிடைத்ததற்காக" என்று எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வாடகைக்குன்னு எழுதுங்கோ" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. "கடவுளுக்குத் தெரியாதா வாடகைக்குன்னு? அவருக்குத்தானே காணிக்க? கவர்ல வேற எழுதணுமா?" என்று கேட்டேன். அவள் "எனக்கு என்னத்துக்கு" என்று போய்விட்டாள்.

"கிடைத்ததற்காக" என்பதில் பொய் இல்லை. நீ சொன்ன சொல்லே அதுதான். ஆனால் அந்தச் சொல் மைக்கில் எப்படிக் கேட்கும் என்று தெரிந்துதான் எழுதினேன். நான் வாத்தியார், எந்தச் சொல்லுக்கு எந்த அர்த்தம் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் நான்கு பேர் கை கொடுத்தார்கள். "சென்னையில வீடு வாங்கியாச்சா சாரே? கொள்ளாமே" என்றார்கள். நான் "இல்ல" என்று சொல்லவில்லை, "ஆமா" என்றும் சொல்லவில்லை. சிரித்தேன், தலை தானாக ஆடிற்று. "எத்தன பெட்ரூம்?" "ரெண்டு." "எத்தனாவது மாடி?" "ஒண்ணு." கேள்வி பொய்யாக இருந்தது, பதிலெல்லாம் உண்மை. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என்னோடு சேர்ந்து நடக்கவில்லை, பத்தடி பின்னால் வந்தாள். அந்த வாரமே "மகன் சென்னையில் சொந்தமாக வீடு வாங்கினான்" என்று நானே வாய் திறந்து ஒருவரிடம் சொன்னேன். யாரிடம், எங்கே என்று எழுத இப்போது கை வரவில்லை. அதற்குப் பிறகு சொல்லுவது எளிதாகிவிட்டது. கனடாவில் மகனை வைத்திருக்கிறவர், குவைத்தில் மருமகனை வைத்திருக்கிறவர் என்று என் வயதுக்காரர்கள் பேசும் இடத்தில் எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அவ்வளவுதான் விஷயம். உன் வீட்டை நான் வாங்கிவிட்டேன் மகனே, உனக்கே தெரியாமல்.

பிறகு உனக்கும் தெரிந்துவிட்டது. மே மாதம் நீங்கள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆலய வாசலில் செயலர் உன் தோளைத் தட்டி, "மக்கா, சொந்த வீடெல்லாம் எப்படி இருக்கு? லோன் அடஞ்சிட்டா?" என்று கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒரே ஒரு முறைதான் பார்த்தாய். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். "போயிட்டிருக்கு அங்கிள்" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. அந்த நேரம் பாப்பா, பெனிட்டாவின் இடுப்பிலிருந்து, "எங்க ஹவுஸ் ஓனர் தாத்தா..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். பெனிட்டா சட்டென்று அவள் வாயில் கையை வைத்தாள். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. தான் செய்த தப்பு என்னவென்று தெரியாமல் அம்மா முகத்தையே பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். குனிந்திருந்தவனுக்கு அது மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்காதே, தெரிந்தது. நீங்கள் இருவரும் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் சக்கைக்கு முன்னால் உட்கார்ந்து, இங்கே வந்துவிடட்டுமா என்று கேட்டாய். நீ மாடியை மட்டும் கேட்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். உள்ளதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வழியும் திறந்துவிட்டாய். நான் உன்னைச் சென்னைக்கு அனுப்பிவிட்டேன். சொந்த வீட்டை விட்டுவிட்டு மாடியில் வந்து ஏன் குடியிருக்கிறான் என்று நான்கு பேர் கேட்பார்களே, அந்தப் பயம்தான். வேறொன்றும் இல்லை.

இது என் சுபாவம், இன்று நேற்று வந்ததல்ல. அம்மாவின் அப்பா கீரிப்பாறையில் அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். விடியும் முன் மரத்துக்குப் போய், காலுக்கு அட்டைக்கடி வாங்கி, நான்கு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். எங்கள் கல்யாணத்தில் என் கூட வேலை பார்த்தவர்களிடம் நான் அவரை "எஸ்டேட் ஆபீஸ்ல இருக்கார்" என்று அறிமுகம் செய்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பால் கறை படிந்த கை. நீ பத்தாம் வகுப்பில் பள்ளியில் மூன்றாவதாக வந்தாய். வெளியூரிலிருந்து வந்த என் சிநேகிதரிடம் "ஸ்கூல் பர்ஸ்ட்" என்றேன். நீ பக்கத்தில் நின்று "அப்பா, நான் மூணாவதுல்லா" என்றாய். அவர் போன பிறகு நான் உன்னைத் திட்டினேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசலாமா என்று திட்டினேன். உண்மை பேசியதற்காகப் பிள்ளையைத் திட்டின வாத்தியார் நான். அன்றைக்கு நீ கற்றுக்கொண்ட பாடத்தைத்தான் ஆலய வாசலில் எனக்கே ஒப்பித்தாய்.

வாடகை குறைந்த ஊருக்கு மாறுவதா வேண்டாமா என்பதைப் பற்றி உனக்கு யோசனை சொல்ல என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் கிடையாது. ஆனாலும் நான் பட்டதைச் சொல்கிறேன். உனக்கு நான்கு வயது வரை நாம் நாகர்கோவில் டவுணில் இருந்தோம். ஓர் அறையும் ஒரு அடுக்களையும். சுவரில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பாளம் பாளமாக உதிரும். உனக்கு எந்நேரமும் இருமல். "குலசேகரத்துப் பக்கம் போவோம், வாடகை பாதிதான் வரும், காத்தும் உண்டு" என்று அம்மா மூன்று வருடம் சொன்னாள். நான் அசையவில்லை. "டவுண்ல இருக்கோம்" என்று சொல்வதில் எனக்கு ஒரு கெத்து. பஸ்ஸில் போய் வர நேரமாகும், உனக்கு ஆஸ்பத்திரி தூரமாகிவிடும் என்று அப்போதும் காரணங்களை அடுக்கினேன். கடைசியில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதால்தான் இந்த ஊருக்கு வந்தோம். வந்து இரண்டு மாதத்தில் உன் இருமல் நின்றது. அம்மா ஒரு நாள் உன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "மூணு வருசம்" என்று மட்டும் சொன்னாள்.

அதனால் சொல்கிறேன், திண்டுக்கல்லோ வேறெந்த ஊரோ, போகுமுன் வீட்டைக் காட்டுகிற புரோக்கரிடம் கேட்காதே. பக்கத்து வீட்டில் துணி காயப்போடுகிற பெண்ணிடம் பெனிட்டாவைக் கேட்கச் சொல். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தரம் வருகிறது, மழைக்காலத்தில் எந்தச் சுவர் நனைகிறது என்று அவள் சொல்லிவிடுவாள். வாடகை குறைவது நல்லதுதான். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டுவதற்கு யார் இருக்கிறார்கள் என்றும் பார். ஒரு ஊரை விட்டுப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. செலவு தாங்கவில்லை என்று சொல்வதிலும் வெட்கம் இல்லை. வாங்குகிற சம்பளத்தில் கௌரவமாகக் குடும்பம் நடத்த நினைக்கிறவன் நீ. வெட்கப்பட வேண்டியவன் யார் என்று இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் நான் எதிர்வீட்டுக்குப் போனேன். உள்ளதை யாரிடமாவது வாய் திறந்து சொல்லிப் பார்க்க வேண்டும், ஞானதாஸ் என்றால் அதிகம் கேள்வி கேட்க மாட்டான் என்று நினைத்தேன். அவன் மிஷினில் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தான். நான் நின்றுகொண்டே, "ஞானதாசே, எனக்க மகன் சென்னையில வீடு வாங்கல. வாடகை வீடுதான். நான் பொய் சொன்னேன்" என்றேன். இதை வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அவன் மிஷினை நிறுத்தவில்லை. ஷீட்டை முழுவதும் இழுத்து எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "தெரியும் சாரே" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சாரே நமக்க பயலுக்க கையில ஏத்தன் குலை குடுத்து விட்டிய? அவன் கொண்டு போனப்பம் ஒங்க மகனுக்க வீட்டுக்காரரு கீழ நின்னு, மோட்டாரு ஓடிட்டே கெடக்குன்னு சத்தம் போட்டுட்டு இருந்தாராம். ஒங்க மகன் மேல இருந்து இறங்கி வந்து சாரி சொன்னானாம். நமக்க பய அன்னைக்கே போன்ல சொன்னான்."

அவன் மகன் சென்னையில் டாக்சி ஓட்டுகிறவன், உனக்குத் தெரியும். நேந்திரம் குலையைக் கட்டி, விலாசம் எழுதி, பத்திரமாகக் கொண்டு கொடு என்று சொல்லி அனுப்பியவன் நானேதான். ஆலயத்தில் நான் தலையாட்டி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது அப்போது.

"கோயில்ல எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு ரெண்டு பேருக்குத் தெரியாம இருக்கும்" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சவத்த விடுங்க சாரே. நீங்க அவ்வளவு சந்தோசமா சொல்லிட்டு இருந்திய. அதப் போயி ஆராவது கெடுப்பாவளா?" என்றான். பிறகு, "மே மாசம் ஒங்க மகன் வந்தப்பம், அவன் இஞ்சயே வந்து இருந்தா சாருக்கும் அம்மாவுக்கும் கொள்ளாமேன்னு நாங்க பேசிக்கிட்டோம். மாடி வேற சும்மா கெடக்கு. அவனுக்கு மனசு இல்லியோ என்னமோ" என்றான். உனக்கு மனம் இல்லை என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், அதையும் திருத்தாமல் வந்தேன். பார், அங்கேகூட எனக்கு முழுசாக உண்மை சொல்ல வரவில்லை. மறுபடி போய்ச் சொல்லிவிட்டு வந்தது மத்தியானத்துக்குப் பிறகுதான்.

செயலர் உன் தோளைத் தட்டி லோன் அடைந்ததா என்று கேட்டாரே, அவருக்கும் அப்போது தெரிந்திருக்க வேண்டும். எனக்காக அவர் அப்படிக் கேட்டாரா, கேலிக்குக் கேட்டாரா என்று தெரியவில்லை. யாரும் நம்பாத ஒரு பொய்யைக் காப்பாற்ற நான் என் மகனையும், மருமகளையும், பேத்தியையும் வெளியே நிறுத்தியிருக்கிறேன். நான்கு வருடமாக இந்த ஊர் என்னை ஒரு குழந்தையை நடத்துவது போல நடத்திக்கொண்டிருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "நாளைக்குக் கோயில்ல நானே மைக்க வாங்கி, சபைக்கு முன்னால மன்னிப்பு கேக்கப் போறேன்" என்றும் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அதையும் மைக்குலயே சொல்லணுமா?" என்றாள். "நாலு பேரு வந்து கை தருவாவ, சாரு எவ்வளவு தாழ்மையானவருன்னு சொல்லுவாவ. அதுக்கா? மொதல்ல மகனுக்குச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டேன். மே மாசமே சொல்லியிருப்பேன், ஒங்க வாயில இருந்து வரட்டும்னுதான் இருக்கேன்." இவளோடு முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியும் எனக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. பால் வெட்டினவர் மகள். நான் ஆபீசர் மகள் என்று சொல்லித் திரிந்தேன், அவள் ஒரு நாளும் என்னை எல்லார் முன்னாலும் திருத்தவில்லை. அது பொறுமை என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். எனக்காக அவள் பட்ட அவமானம் அது.

நேற்று உனக்குத் தெரியாமல் பெனிட்டாவைக் கூப்பிட்டேன். அவளிடம் கோபப்படாதே, நான்தான் கேட்டேன். "திண்டுக்கல்லை எப்படிம்மா பிடிச்சீங்க? ஒங்க வீட்டுக்குப் பக்கம்னா?" என்றேன். "எங்க வீட்டுக்குப் பக்கம்னா மதுரைக்கே போயிருப்போமே மாமா" என்றாள். பாப்பா கூப்பிடுகிறாள் என்று போனை வைக்கப் பார்த்தாள். நானும் விடவில்லை. பிறகு சொன்னாள்: "அவங்க முதல்ல பாத்தது வாடகை இல்ல மாமா. நம்ம ஊர்க்காரங்க யாரும் இல்லாத ஊரான்னுதான் பாத்தாங்க. திருநெல்வேலில இதவிடக் குறைவா ஒரு வீடு இருந்துச்சு. அங்க உங்க சபை ஆளுங்க இருக்காங்க, அப்பாவுக்குக் கஷ்டமாயிடும்னு வேணாம்னுட்டாங்க."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இனி வெட்கத்துக்குப் பயந்து எதையும் மாற்றி எழுதப் போவதில்லை. அழுதேன்.

மாடியை அம்மா கழுவி விட்டிருக்கிறாள். அதை நான் உன்னை வரவழைக்கச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். வா என்று கேட்கும் முகம் எனக்கு இல்லை. திண்டுக்கல் உங்களுக்குப் பிடித்திருந்தால் அங்கே போங்கள். வாடகைக்காகப் போ. தண்ணீருக்காகப் போ. பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்காகப் போ. பெனிட்டாவுக்கு அங்கே ஒரு வேலை கிடைக்கும் என்றால் அதற்காகப் போ. இந்த அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று தோன்றினால் அதற்காகவும் போகலாம், அதுவும் நியாயமான காரணம்தான். ஆனால் எனக்காகப் போகாதே மக்கா. அப்படி ஒரு ஊரை விட்டு நீ ஒதுங்கிப் போகிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை.

அப்பா